காலடிப் பலகை பிறந்த கதை

டச்சு அறிஞர் எராஸ்மஸுக்கு இங்கிலாந்தின் அறிவாளிகளை மிகவும் பிடித்திருந்தது. அந்த நாட்டு வீடுகளின் தரையை மட்டும் அவரால் சகிக்க முடியவில்லை. களிமண் தரை, அதன்மேல் கோரைப் பரப்பு. அழுக்கேறினால் மேலாக வாரிப் போட்டுவிட்டுப் புதுக் கோரை பரப்புவார்கள். அடியில் கிடப்பது 20 வருடம்கூட அப்படியே கிடக்கும். எச்சில், நாய் மூத்திரம், சிந்திய பீர், மீன் கழிவு எல்லாம் அதற்குள்ளே ஊறும் என்று 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவே முடியாத அறைகள் அவை. அந்த இரண்டும் சேரும் கோடு கண்ணில் படத் தொடங்கிய பிறகுதான் ஒரு புதுத் தொல்லை பிறந்தது.

அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியிருந்தது குளிர். கல் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் குளிர்காலத்தில் கைவைக்க முடியாதபடி சில்லிட்டன. வசதி உள்ளவர்கள் கம்பளித் திரைகளைத் தொங்கவிட்டார்கள். அதைவிட வசதி உள்ளவர்கள் தச்சரை அழைத்து, சுவரையே ஓக் பலகையால் மூடச் சொன்னார்கள். இங்கிலாந்திலேயே ஓக் காடுகள் இருந்தன. ஆனாலும் கை தேர்ந்த தச்சர்கள் அந்த மரத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கேட்டார்கள்.

அவர்கள் கேட்டது பால்டிக் கடல் வழியாக வந்த ஓக். போலந்தின் காடுகளில் வெட்டி, விஸ்டுலா ஆற்றில் மிதக்கவிட்டு, டான்சிக் துறைமுகத்தில் ஹான்சா வணிகக் கூட்டணியின் கப்பல்களில் ஏற்றிய மரம். அடர்ந்த காட்டில் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெட்டையாக, நிதானமாக வளர்ந்தது. கணு குறைவு, வளையங்கள் நெருக்கம். அதை ரம்பத்தால் அறுக்கவில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆப்பு வைத்து, பனங்கிழங்கை நாரோடு கிழிப்பது போலப் பிளந்தார்கள். அப்படிப் பிளந்த பலகையில் வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். மரம் காயும்போது, வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் சுருங்கும் அளவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிளந்த பலகையின் அகலம் குறைவாகச் சுருங்கும் திசையில் அமைந்துவிடுவதால் அது எளிதில் வளையாது, முறுக்காது.

ஃபிளாண்டர்ஸ் ஓவியர்கள் படம் தீட்டத் தேர்ந்தெடுத்ததும் இதே பலகையைத்தான். அந்த ஓவியப் பலகைகளின் விளிம்பில் வளையங்களை அளந்து, மரம் எந்தப் பகுதியில் எந்தக் காலத்தில் நின்றது என்று ஆய்வாளர்கள் இன்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி அளந்துகொண்டே வந்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பால்டிக் ஓக் திடீரென்று காணாமல் போயிருந்தது.

போர்களும் காடழிவும் சேர்ந்து அந்த வணிகத்தை முறித்துவிட்டன. முப்பதாண்டுப் போர் ஓய்ந்த சில வருடங்களில் சுவீடன் படை போலந்துக்குள் புகுந்தது. நல்ல ஓக் கிடைப்பது குதிரைக்கொம்பானது. இருந்த மரச் சுவர்களுக்கும் ஒரு வியாதி உண்டு: ஈரத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பகுதிதான் முதலில் உளுக்கும். மேலே நூறு வருடம் நிற்கக்கூடிய மரம் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பொடியாகும். இந்த நேரத்தில் வட கடலின் மறுகரையில், மரமே இல்லாத ஒரு விடை கிடைத்தது.

ஹாலந்தில் தரைக்குக் கல்லும் ஓடும் பாவியிருந்தார்கள். கழுவித் துடைப்பதில் டச்சு வீட்டுப் பெண்களுக்கு ஐரோப்பா முழுக்கப் பெயர். ஈரத் துடைப்பான் போய் முட்டும் இடத்தில் வெள்ளையடித்த சுவர் கறுத்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது. தரையை ஒட்டி ஒரே ஒரு வரிசை, சுமார் 13 செ.மீ. சதுரத்தில் நீலச் சித்திரம் தீட்டிய வெள்ளை ஓடுகளைப் பதித்தார்கள். 1660 வாக்கில் டெல்ஃப்ட் நகரில் யோஹானஸ் வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் ஓவியத்தில் அதை இன்றும் பார்க்கலாம். பார்ப்பவர் கண் அந்தப் பெண்ணின் கையிலும் பால் தாரையிலும் நின்றுவிடும். வலது ஓரத்தில், தரையில் கிடக்கும் கால் சூடேற்றும் பெட்டிக்குப் பின்னால் அந்த ஓடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் ஒரு மன்மதன். அதற்கு மேலே சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட வெர்மீர் விடவில்லை. சுவரின் காலுக்குக் கவசம் வேண்டும் என்பது டெல்ஃப்டில் முடிவாகிவிட்ட சங்கதி. அந்தக் கவசம் மரமாக மாறிப் பெருகுவதற்கு ஒரு நகரமே எரிய வேண்டியிருந்தது.

1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை. லண்டன் புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக் கடையில் பற்றிய தீ, கிழக்குக் காற்றில் நகரத்தின் மேல் படர்ந்தது. நெருப்பு அடங்கியபோது சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் போயிருந்தன. மறு வருடம் வந்த சட்டம், வெளிச்சுவர்கள் செங்கல்லாகவோ கல்லாகவோதான் இருக்க வேண்டும் என்றது. கட்டுவதற்கு ஆள் போதவில்லை; நகரத்துத் தச்சர் சங்கத்தில் சேராத வெளியூர்த் தச்சர்களும் கொத்தனார்களும் ஏழு ஆண்டுகள் வேலை செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். மரமும் போதவில்லை. நார்வேயிலிருந்து கப்பல் கப்பலாகப் பைன் பலகை வந்து இறங்கியது. லண்டன் எரிந்த நெருப்பில் நார்வேக்காரர்கள் நன்றாகக் குளிர்காய்ந்தார்கள் என்று ஒரு பேச்சே உண்டானது.

ஓக் இருந்த இடத்துக்குப் பைன் வந்தது. ரேகையைக் காட்டுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதால் வண்ணம் பூசினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளின் உட்சுவர்களுக்கு ஒரே சமயத்தில் மரவேலை. ஒவ்வொரு தச்சருக்கும் ஒரே கேள்வி: எந்த உருவத்தில், எந்த அளவில் செய்வது? அதற்கான பதில், தீப்பிடிப்பதற்கு 50 வருடங்களுக்கு முன்பே ஒருவருடைய பயணப் பையில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அவர் இனிகோ ஜோன்ஸ். அரண்மனை நாடகங்களுக்கு உடையும் அரங்கமும் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1613இல் அரண்டல் பிரபுவோடு இத்தாலிக்குப் போனார். கையில் ஆந்த்ரேயா பல்லாடியோ 1570இல் வெளியிட்ட கட்டடக்கலை நூல். ரோமானிய இடிபாடுகளுக்கு எதிரே நின்று, புத்தகத்தின் ஓரங்களில் குறிப்பெழுதிக்கொண்டே போனார்; அந்தப் பிரதி ஆக்ஸ்ஃபர்டில் இன்றும் இருக்கிறது. திரும்பி வந்து 1616இல் கிரீனிச்சில் அரசியின் மாளிகையைத் தொடங்கினார். வெள்ளையாக, நேராக, அளவெடுத்தாற்போல நின்ற அப்படி ஒரு கட்டடத்தை இங்கிலாந்து அதுவரை கண்டதில்லை. பல்லாடியோவின் இலக்கணம் தூண்களுக்கானது. சாதாரண வீட்டு அறையில் தூணுக்கு ஏது இடம்?

இங்கேதான் இந்தக் கதையின் மிக அழகான தந்திரம் நடந்தது. அறையைச் சுற்றித் தூண்கள் வரிசையாக நிற்பதாகப் பாவித்துக்கொள்வது. அளவுகளை மட்டும் வாங்கிக்கொண்டு தூண்களை எடுத்துவிடுவது. தூணைத் தாங்கும் பீடத்தின் அடிக்கட்டை, தரையை ஒட்டி அறையைச் சுற்றி ஓடும் பலகையானது. பீடத்தின் நடுப்பகுதி இடுப்பளவுச் சுவரானது. பீடத்தின் தலைப்பகுதி, நாற்காலி இடிக்கும் உயரத்தில் ஓடும் சட்டமானது. தூணின் உச்சியில் இருக்க வேண்டிய அலங்காரம் கூரையோரத்துக்குப் போனது. ஜேம்ஸ் கிப்ஸ் 1732இலும் பேட்டி லாங்லி 1740இலும் வெளியிட்ட மாதிரி நூல்கள், இந்த அளவுகளைச் சாதாரணத் தச்சரும் கவராயத்தால் போட்டுப் பார்க்கும்படி எளிமையாக்கின. அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அவை போயின. கணக்கு தெரிந்துவிட்டது. தூணடியின் வளைவுகளை மரத்தில் எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

தூணின் அடியில் புடைத்து நிற்கும் அரைவட்ட வளையத்தையும், உள்ளே குழிந்து வெளியே வளையும் எஸ் வடிவ நெளிவையும் பத்தடி பலகையில் ஒரே சீராக இறக்க வேண்டும். அதற்கென்று பீச் மரத்தில் இழைப்புளிகள் வந்தன. இழைப்புளியின் அடிவயிறு, வேண்டிய வளைவின் எதிர்வடிவமாகக் கடையப்பட்டிருக்கும். அலகும் அதே நெளிவில் தீட்டப்பட்டிருக்கும். 1700ஐ ஒட்டி லண்டனில் இழைப்புளி செய்வதையே தொழிலாகக் கொண்டு, தங்கள் பெயரை அதன் நெற்றியில் முத்திரை குத்தி விற்றவர்கள் இருந்தார்கள். அகலமான நெளிவுக்கு ஒரு ஆள் பலம் பற்றாது. தச்சர் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளுவார். இழைப்புளியின் முன்பக்கத்தில் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தொழில் கற்கும் பையன் முன்னால் இழுப்பான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சுருள் விழும். வளைவு முழுதாக இறங்கியதும் அலகு தானாக வெட்டுவதை நிறுத்திவிடும், அதுவரை இழுத்தாக வேண்டும். ஓர் அறைக்கு இப்படி எத்தனை பலகை! இந்த உழைப்புக்கெல்லாம் உலை வைக்கக் காகிதச் சுருள் ஒன்று வந்துகொண்டிருந்தது.

சுவருக்கு ஒட்டும் சித்திரக் காகிதம் அவ்வளவு வேகமாகப் பரவியதால் 1712இலேயே பிரிட்டிஷ் அரசு அதற்குச் சதுர கஜத்துக்கு ஒரு பென்னி வரி போட்டுவிட்டது. வரியையும் மீறி அது விற்றது. மரத்தால் மூடுவதைவிட மலிவு, பளிச்சென்று புதுமை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மேல்சுவரின் மரம் கழன்றது. பூச்சும் காகிதமும் வந்தன. இடுப்பளவு மரம் மட்டும் மிஞ்சியது, நாற்காலிகள் சுவரை இடிக்காமல் இருக்க. பிறகு நாற்காலிகள் சுவரோரத்தை விட்டு அறை நடுவுக்கு நகர்ந்தன. பேச்சும் சீட்டாட்டமும் கணப்பைச் சுற்றி நடக்கத் தொடங்கின. இடிக்க நாற்காலி இல்லை என்றதும் அந்தச் சட்டமும் பல வீடுகளில் போனது. பீடம் போனது, தூண் என்றோ போயிற்று. எல்லாம் கழன்ற பிறகும் தரையோரத்துப் பலகையை மட்டும் எவராலும் கழற்ற முடியவில்லை.

காரணம், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இடைவெளி. மரத்தரை ஈரக் காலத்தில் விரியும், காய்ந்த காலத்தில் சுருங்கும். சுவரில் முட்டினால் தூக்கிக்கொள்ளும். அதனால் நான்கு பக்கமும் விரலளவு இடம் விட்டாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சையும் தரை வரை இறக்கினால் ஈரத்தை உறிஞ்சி உதிரும். ஆகவே தச்சர் முதலில் சுவரின் அடியில் ரீப்பர் கட்டைகளை அடித்துவிடுவார். கொத்தனார் அந்தக் கட்டையின் கனத்தையே மட்டமாக வைத்துப் பூச்சை இழுத்து, கட்டை வந்ததும் நிறுத்திக்கொள்வார். பூச்சு முடிந்த இடத்துக்கும் தரை முடிந்த இடத்துக்கும் நடுவே வெறும் செங்கல் பல்லிளிக்கும். அந்தக் கட்டைமேல் பலகையை அடித்தால் இரண்டு தொழிலாளிகள் விட்ட இடமும் ஒரே வீச்சில் மறையும். துடைப்பமும் வாளியும் செருப்பும் அதில் இடிக்கும், பூச்சில் இடிக்காது. தூணின் கால் என்ற அலங்காரமாக உள்ளே வந்தது, வேலைக்காரனாக நிலைத்துவிட்டது. ஸ்கர்ட்டிங் என்று இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் பொருள் இப்படித்தான் தனித்து நின்றது. இனி அது ஏழை வீட்டுக்கும் போக வேண்டும். அதற்கு ஒரு தச்சரின் பிடிவாதம் தேவைப்பட்டது.

நியூயார்க் மாநிலத்தின் போக்கீப்சியில் இருந்த வில்லியம் உட்வொர்த் வீடு கட்டும் தச்சர். சுழலும் உருளையில் அலகுகளைப் பொருத்தி, பலகையை அதன் அடியில் செலுத்தி இழைக்கும் இயந்திரத்துக்கு 1828 டிசம்பர் 27 அன்று காப்புரிமை பெற்றார். அதைச் செய்து முடிக்கவே கையில் காசில்லாமல், பணம் போட்டவருக்கு உரிமையில் பாதியை எழுதிக்கொடுத்திருந்தார். மறு வருடமே உரி எம்மன்ஸ் என்பவரும் அதே போன்ற இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மோதிக்கொள்வதற்குப் பதில் இரு தரப்பும் சேர்ந்துகொண்டன. 1839இல் உட்வொர்த் இறந்தார். அவருடைய இயந்திரம் அதற்குப் பிறகுதான் அமெரிக்காவையே உலுக்கியது.

உரிமை கைமாறி வியாபாரிகளிடம் போனது. ஊர் ஊராகப் பங்கு பிரித்து, இந்த எல்லைக்குள் இன்னார்தான் இயந்திரத்தில் இழைக்கலாம் என்று வகுத்தார்கள். காலாவதி ஆக வேண்டிய காப்புரிமை 1842இல் ஏழு வருடம் நீண்டது. 1845இல் அமெரிக்க காங்கிரஸ் இன்னொரு ஏழு வருடம் கொடுத்தது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. வீடு கட்டும் மரத்தின் விலையில் ஒரு தனி உரிமையாளர் கூட்டம் கைவைக்கிறது என்று மக்கள் மனு மேல் மனுவாக அனுப்பினார்கள். மூன்றாவது நீட்டிப்புக்கு முட்டிமோதியும் காங்கிரஸ் மசியவில்லை. 1856 டிசம்பரில் உரிமை முடிந்தது. அந்தச் சுழலும் உருளையில் நெளிவு வடிவ அலகைப் பொருத்தினால் போதும்; கயிறு இழுத்த பையனின் ஒரு நாள் வேலை ஒரு நடையில் முடிந்தது. அதே வாட்டத்தில் பிரிட்டனிலும் நீராவி ஆலைகள் மைல் கணக்கில் மோல்டிங் பலகைகளைத் தள்ளின. 1866இல் அங்கே மர இறக்குமதி வரியும் முழுக்க நீங்கியது. இனி யார் வீட்டிலும் ஸ்கர்ட்டிங் இருக்கலாம் என்ற நிலை வந்ததும், யார் வீட்டில் எவ்வளவு உயரம் என்ற போட்டி தொடங்கியது.

விக்டோரியா காலத்து வீட்டில் ஏறிப் பார்த்தால் அந்தஸ்து படிப்படியாக இறங்குவது தெரியும். விருந்தினர் வரும் தளத்தில் ஒரு சாணையும் தாண்டிய உயரம், அடுக்கடுக்காக நெளிவு. படுக்கை அறைத் தளத்தில் அதைவிடக் குட்டை. வேலைக்காரப் பெண் தூங்கும் மாடத்தில் நெளிவே இல்லாத வெறும் பலகை. மரம் எல்லாத் தளத்திலும் மலிவான பைன்தான். பெரிய மனிதரின் அறை ஓக் மாதிரித் தெரிய வேண்டுமே என்று வண்ணக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மஞ்சள் நிற அடிப்பூச்சின்மேல் பழுப்பு மெருகைத் தடவி, அது காய்வதற்குள் எஃகுச் சீப்பை இழுத்து, ரேகையை வரைவார். துணி சுற்றிய கட்டைவிரலால் அங்கங்கே துடைத்து, பிளந்த ஓக்கில் தெரியும் வெள்ளிப் பட்டைகளைக்கூடக் கொண்டுவந்துவிடுவார். அது தனிக் கலை. அந்தக் கைகளுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனாலும் மெருகுக்கு அடியில், சுவரை ஒட்டிய இருட்டுச் சந்தில், யாரும் வண்ணம் பூசாத பின்பக்கத்தில் வேறு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது.

செங்கல் சுவரில் ஏறும் ஈரம் பலகையின் பூசாத முதுகில் இறங்கியது. காற்றோட்டம் கிடையாது. கட்டடங்களின் மரத்தைத் தின்னும் உலர் அழுகல் பூஞ்சைக்கு அது சொர்க்கம். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்க, ஒரு நாள் கட்டைவிரல் பட்டாலே பலகை உள்ளே போகும். 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் அதே பலகை இன்னொரு சுமையையும் ஏற்றுக்கொண்டது: அமெரிக்க வீடுகளில் புதிதாக வந்த மின்கம்பிகளைப் பூச்சை உடைக்காமல் கொண்டுபோக இதைவிட வசதியான இடம் ஏது? பிளக் துளைகளையே ஸ்கர்ட்டிங்கில் வெட்டினார்கள். நவீன கட்டடக் கலைஞர்களோ நெளிவெல்லாம் தூசி சேர்க்கும் வீண் வேலை என்று கருதி உயரத்தைக் குறைத்தார்கள், மழமழப்பாக்கினார்கள். அந்தக் குட்டைப் பலகைக்கும் மரம் வேண்டாம் என்று ஆக்கியது ஒரு மதியச் சாப்பாடு.

எடிசனிடம் வேலை பார்த்த வில்லியம் மேசன், மிசிசிப்பியின் லாரல் ஊரில் மர ஆலைகள் எரித்துத் தள்ளும் கழிவைக் கண்டு வயிறெரிந்தவர். மரத்துண்டுகளை உயர் அழுத்த நீராவியில் அடைத்துச் சட்டென்று திறந்தால் அவை வெடித்து நாராகும் என்று கண்டார். அந்த நாரிலிருந்து குளிர் தாங்கும் லேசான அட்டை செய்வது அவர் எண்ணம். 1924இல் ஒரு நாள், ஒரு தகட்டை அழுத்தத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தப் பழைய இயந்திரத்தின் நீராவி வால்வு சரியாக மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது சூடும் அழுத்தமும் விடாமல் இறுகி, பசையே இல்லாமல் கெட்டியான பலகை ஒன்று கிடந்தது என்பது அந்தத் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதுதான் மேசனைட். மரத்தை நாராக்கிப் பலகையாக்கும் வித்தை அங்கிருந்து வளர்ந்து, 1960களில் பசை சேர்த்த எம்டிஎஃப் ஆனது. கணு இல்லை, வளைசல் இல்லை, வண்ணம் வழுக்கிக்கொண்டு பிடிக்கும், விலையும் கொஞ்சம். பிரிட்டனின் புது வீடுகளில் ஸ்கர்ட்டிங் பெரும்பாலும் எம்டிஎஃப்தான் என்றாகிவிட்டது. வைரம் பாய்ந்த மரத்தின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம் தரை. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பள விரிப்புகளைச் சுருட்டி எறிந்துவிட்டு, ஓக் தரையைத் தேடத் தொடங்கினார்கள். ஓக் தரைக்குப் பக்கத்தில் வண்ணம் பூசிய அட்டை நிற்பது பலருக்கு உறுத்தியது. ஒரே மரம் தரையிலிருந்து சுவருக்கு ஏறினால் அறை நிறைகிறது. எம்டிஎஃப் தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், பிறகு தூக்கிப் போடத்தான் வேண்டும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. ஓக் பலகையில் கீறல் விழுந்தால் இழைத்து மெருகேற்றலாம். தமிழ்நாட்டிலோ தண்ணீர் ஊற்றிக் கழுவும் தரையும் கரையானும் சேர்ந்து டெல்ஃப்ட் பெண்கள் போன வழியிலேயே நம்மையும் கொண்டுபோயின. சிவப்பு ஆக்ஸைடு காலத்திலிருந்து இன்றைய டைல்ஸ், கிரானைட் வரை சுவரோரம் நாலங்குலம் ஏற்றுவதே வழக்கம். மரத் தரை போடும் வீடுகளில்தான் மர ஸ்கர்ட்டிங் பேச்சே எழுகிறது. அப்போது ரன்னிங் அடிக்கு என்ன விலை என்பது மட்டுமே கேட்கப்படுகிறது.

விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவற்றை இந்த ஐந்நூறு வருடக் கதை வரிசையாக வைத்திருக்கிறது. பலகையின் வெட்டுமுனையில் வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக இருந்தால் அது பால்டிக் தச்சர்கள் பிளந்த வாட்டம். விலை கூடும், ஆனால் அரையடி உயரப் பலகை குழிந்து சுவரை விட்டு விலகாது. கோடுகள் வில்லாக வளைந்திருந்தால் குறைந்த உயரத்துக்கு மட்டுமே எடுக்கலாம். ஓரத்தில் வெளிறு இருக்கும் தேக்கு கரையானுக்கு அழைப்பிதழ். மகோகனி என்று சொல்லி விற்றால் தாள் கேட்பது நியாயம்: ஒரு காலத்தில் ஜமைக்காவிலும் ஹோண்டுராஸ் கரையிலும் அடிமைகளைக் கொண்டு வெட்டி அழித்த மரம் அது, பெரிய இலை மகோகனியும் 2003 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வண்ணம்தான் பூசப் போகிறோம் என்றால் ஓக் வாங்குவது வீண். அமெரிக்க டியூலிப்வுட் போன்ற மென்மையான கடின மரம் போதும்.

கடைகளில் டோரஸ் என்றும் ஓஜி என்றும் காட்டும் மாதிரிகள், இனிகோ ஜோன்ஸ் இத்தாலியில் பார்த்து வந்த தூணடியின் அதே அரைவட்டமும் அதே நெளிவும்தான். தாழ்ந்த கூரை உள்ள அறைக்கு உயரமான டோரஸ் பொருந்தாது. இல்லாத தூணின் அளவு அதற்கு மேலே நிற்க இடம் கேட்கும். பலகையின் கனம், தரைக்கு விட்ட இடைவெளியைத் தாராளமாக மூட வேண்டும். மரம் வந்ததும் அடித்துவிடாமல், அது நிற்கப்போகும் அறையிலேயே சில நாள் கிடக்க விட வேண்டும். ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை படியும். ஆகவே துருப்பிடிக்காத எஃகு ஆணியோ பித்தளைத் திருகோதான். உள்மூலையில் இரண்டு பலகைகளையும் 45 டிகிரியில் சீவிச் சேர்த்தால், மரம் சுருங்கும் முதல் கோடையிலேயே வாய் பிளக்கும். ஒரு பலகையை நேராக முட்டவிட்டு, அதன் நெளிவுக்கேற்ப மற்றதன் முனையைக் குடைந்து பொருத்துவதுதான் பழைய தச்சர் கைவேலை. கூலி கூட ஆனாலும் அதுவே சரி. ஆணி சுவரில்தான் இறங்க வேண்டும், தரையில் இறங்கினால் தரையின் அசைவு கட்டுப்பட்டுவிடும். பொருத்துவதற்கு முன் பலகையின் பின்பக்கத்துக்கும் ஒரு கை மெருகு பூச வேண்டும். விக்டோரியா காலத்து வீடுகளில் விட்டுப்போனது அந்த ஒரு பூச்சுதான்.